பன்னாட்டு ஒத்துழைப்பும் ஒரு பை கல்லுப்பும்

தேசப்பனின் மகன் இம்மானுவேல் உப்போடு பிடிபட்டான். காவல் துறையின் மொழியில் சொன்னால், உப்பைப் போன்ற தோற்றமுடைய, படிக வடிவிலான, வெண்மை நிறப் பொருளோடு பிடிபட்டான். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் பையன் இப்போது புழல் சிறையில் உட்கார்ந்திருக்கிறான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை அவனுக்கு. அங்கே நிற்கிறவன் உடம்பிலிருந்து வேர்வையோடு உப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் திரும்ப உள்ளே அனுப்பாவிட்டால் மத்தியானத்துக்குள் கால் இழுத்துக்கொள்ளும், கண் இருட்டிக்கொண்டு வரும். முன்பெல்லாம் ஆலையிலேயே உப்புப் போட்ட மோர் கொடுத்தார்கள். பிறகு மோரை நிறுத்திவிட்டு, வெப்பத்தில் உடல்நலம் பேணுவது எப்படி என்று சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். படத்தைக் கரைத்துக் குடிக்க முடியாது என்பதால் உலைக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருவன் வீட்டிலிருந்து கல்லுப்பு கொண்டுவர வேண்டும். ஆளுக்கொரு பொட்டலம். தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் குடித்துவிட்டு மறுபடி நெருப்புக்கு முன்னால் போக வேண்டும்.

அந்த வாரம் இம்மானுவேலின் முறை. அவன் மனைவி சோனியா எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண். சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் ஒரே அளவாக உப்பைப் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, துணிப்பையில் அடுக்கிக் கொடுத்திருந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு புதுவாயல் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவனை அப்படியே பிடித்துக்கொண்டு போனார்கள்.

உள்ளூர் போலீஸ் பிடித்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும். பிடித்தது "பன்னாட்டுப் போதைப்பொருள் கடத்தல் தடுப்பு ஒருங்கிணைப்புக் கூட்டு நடவடிக்கைப் பிரிவு". திருவள்ளூரில் புதிதாகத் திறந்திருந்தார்கள். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம் என்பதால் கடைசி இரண்டு சொற்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில் இருந்தன. பதினான்கு நாடுகளோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. பதினான்கு குட்டிக் கொடிகளும் மேஜைக்கு வந்துவிட்டன. வழக்கு மட்டும்தான் வரவில்லை. இந்த நிலைமையில் வெளிநாட்டுப் பெயருள்ள ஒருவன், வெள்ளைப் பொட்டலங்களோடு, கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கிறான் என்றால் யாருக்குத்தான் மனது கேட்கும்?

பெயருக்கும் வெளிநாட்டுக்கும் சம்பந்தமில்லை. பிறந்தபோது பிள்ளை அழவில்லை. பிரசவம் பார்த்த நர்ஸ் அதன் முதுகில் தட்டித் தட்டி ஜெபம் செய்தாள். பிள்ளை அழுதது. நர்ஸ் சொன்ன பெயரையே தேசப்பனும் கங்கம்மாவும் வைத்தார்கள். ஒரே பிள்ளை. அந்த முதல் அழுகையைப் பற்றிக் கங்கம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

தேசப்பன் பிரிவு அலுவலகத்துக்குப் போய் இன்ஸ்பெக்டர் அருணாச்சலத்தின் முன்னால் கைகட்டி நின்றார். மேஜையில் கொடிகளுக்கு நடுவே மகனின் துணிப்பை இருந்தது.

"சார், அது உப்பு சார். ஒரு கல்லு எடுத்து நாக்குல வெச்சுப் பாருங்க, தெரிஞ்சுடும்."

அருணாச்சலம் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "யோவ், சந்தேகப்படுற பொருளை ருசி பாக்குறது குற்றம்யா. நான் ருசி பாத்தா நான் உள்ள போவணும். நீ பாத்தா நீ போவணும். ஒரு ஊட்டுக்கு ஒருத்தன் போதாதா?"

"அப்போ டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார். மெட்ராஸ்ல லேபு கீதுன்னு சொல்றாங்க."

"உள்ளூர் கேசுக்கு உள்ளூர் லேபு. இது பன்னாட்டு கேசு. கூட்டாளி நாட்டு லேபுலதான் சோதிக்கணும். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்குது."

"எந்த நாட்டுக்கு சார் என் புள்ள கடத்துனான்? வேளாங்கண்ணிக்கு மேல அவன் எங்கியும் போனதில்ல சார்."

"அதத்தான் விசாரிச்சுக்கினு இருக்கோம். நாடு கிடைக்காம போயிடாது. பதினாலு இருக்குது."

தேசப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. கூட்டு ரோட்டில் பிரியாணிக் கடைச் சந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாத்திரை விற்கிறவனை ஊருக்கே தெரியும். அவனைக் காட்டிக் கொடுத்தால் தன் பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்று நினைத்து அதைச் சொன்னார்.

"அது உள்ளூர் பிரச்சனைய்யா," என்றார் அருணாச்சலம். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எங்க அதிகாரம் வெளிநாட்டுலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அவன் பாஸ்போர்ட் எடுத்தான்னா வந்து சொல்லு."

வீட்டில் சோனியா சாப்பிடாமல் கிடந்தாள். "ஒரே பையா கட்டிக் குடுத்திருந்தா உப்பு வாங்கிக்கினு போறான்னு உட்டுருப்பாங்க மாமா. நான்தான் பொட்டலம் பொட்டலமா கட்டுனேன்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கங்கம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ இன்னாடி பண்ணுவ," என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் குழம்பில் உப்பு இல்லை. மறந்துபோய் அல்ல. உப்பு ஜாடியைக் கங்கம்மா மளிகைச் சாமான்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். போலீஸ் வந்து பார்த்தால் என்ன சொல்வது?

சில நாள் கழித்துக் கான்ஸ்டபிள் கலியன் மஃப்டியில் தேசப்பன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"பெரியவரே, உன் புள்ள மேல தப்பே இல்ல. அது உப்புதான். எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படிய்யா தெரியும்?"

கலியன் தலையைச் சொறிந்தார். "டூட்டில இருக்கும்போது கொய்யாப்பழம் வாங்கினேன். தொட்டுக்க ஒண்ணும் இல்ல. பையிலேர்ந்து ஒரு பொட்டலத்த பிரிச்சுட்டேன். நல்ல உப்புய்யா, மரக்காணம் சைடு உப்பு."

தேசப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதை மட்டும் மேலதிகாரியிடம் சொன்னால் போதும், பிள்ளை வந்துவிடுவான் என்று அழுதார். கலியனுக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் மனது இளகிவிட்டது. மறுநாளே போய்ச் சொன்னார். பன்னாட்டுப் பிரிவு அவர் சொன்னதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டது. பிறகு, கைப்பற்றப்பட்ட போதைப்பொருளைக் கொய்யாப்பழத்தோடு உட்கொண்டதற்காக அவரைச் சஸ்பெண்டு செய்து போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தது. அங்கே அவர் தன்னிடம் எந்தப் பழக்கமும் இல்லை என்று சொன்னார். எல்லா நோயாளிகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

இதற்கிடையில் உப்பு உலகம் சுற்றக் கிளம்பியது. தூதரகங்கள் மனம் வருந்தும் என்பதால் நாடுகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. முதல் மாதிரிப் பொட்டலம் ஒரு தீவு நாட்டின் லேபுக்கு விமானத்தில் போனது. அந்த நாட்டு விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று பார்சலை விடாமல் நக்கியது. உப்பென்றால் எந்த நாய்தான் நக்காது? அதிகாரிகள் பார்சலைக் கைப்பற்றினார்கள். இந்தியாவிலிருந்து படிக வடிவில் போதைப்பொருள் வந்திருக்கிறது என்று அறிவித்து நாய்க்குப் பதக்கம் கொடுத்தார்கள். அனுப்பியது யார் என்று பார்த்தால் திருவள்ளூர் பன்னாட்டுப் பிரிவு. யாரும் வெட்கப்படவில்லை. இரண்டு நாடும் ஒன்றையொன்று பாராட்டிக் கடிதம் எழுதிக்கொண்டன. அந்தத் தீவு நாடு தான் பிடித்ததில் ஒரு பங்கை இரண்டாம் கருத்துக் கேட்டுப் பனி விழுகிற நாடு ஒன்றுக்கு அனுப்பியது. அங்கேயும் வாசலிலேயே பிடித்தார்கள். அவர்கள் பாலைவன நாட்டுக்கு அனுப்பினார்கள். போகிற இடமெல்லாம் உப்பு பிடிபட்டது. பிடிபட்ட இடமெல்லாம் ஒரு நாடு வழக்கில் சேர்ந்தது.

திருவள்ளூர் அலுவலகச் சுவரில் உலகப்படம் ஒன்றை மாட்டினார்கள். நடுவில் புதுவாயல் கூட்டு ரோடு. அங்கிருந்து எல்லாக் கண்டங்களுக்கும் சிவப்பு அம்புக்குறிகள். அதற்குப் "புதுவாயல் வழித்தடம்" என்று பெயர் வைத்தார்கள். டிவியில் அந்தப் படத்தைக் காட்டிய அன்று கூட்டு ரோட்டு டீக்கடைக்காரர், "நம்ப ஊரு பேரு எங்கியோ போயிடுச்சுப்பா," என்று பூரித்துப்போனார். பிறகு பெஞ்சில் தேசப்பன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் டீ கொடுத்தார். தேசப்பன் அதைக் குடிக்காமலே எழுந்து போனார்.

உப்பு அத்தனை நாடு போய்க்கொண்டிருக்க, இம்மானுவேல் ஓர் அங்குலம் நகரவில்லை. ஜாமீன் கேட்டபோதெல்லாம், பொருள் வெளிநாட்டில் சோதனையில் இருக்கிறது, முடிவு வரட்டும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டால், அது அந்தந்த நாட்டின் இறையாண்மை என்றார்கள். இறையாண்மை என்பது ஏதோ வியாதி என்று கங்கம்மா நினைத்துக்கொண்டாள். அது குணமாக வேண்டுமென்று பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஒருநாள் அருணாச்சலமே ஜீப்பில் தேசப்பனின் வேலையிடத்துக்கு வந்தார். தொழிற்பேட்டையில் கம்பெனிகளின் கழிவை வாங்கி எரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கழிவு மூட்டைகளைச் சூளைக்குள் தள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளி தேசப்பன். அப்பன் ஒரு நெருப்புக்கு முன்னால், பிள்ளை ஒரு நெருப்புக்கு முன்னால். நிலத்தில் கூலி வேலை இருந்த காலத்தில் அந்தக் குடும்பம் வெயிலில் மட்டும்தான் வெந்தது.

"உனக்கு நல்ல காலம்யா," என்றார் அருணாச்சலம். "பதினாலு நாட்டு அதிகாரிங்களும் வர்றாங்க. புடிச்ச சரக்கை அவங்க முன்னாடி எரிச்சுக் காட்டணும். கையில இருக்குற மிச்சத்தை இங்கயே, உங்க கம்பெனி பக்கத்துல எரிக்கிறோம். அதை நீதான் நெருப்புல போடப் போற."

"நானா சார்?"

"குற்றவாளியோட தகப்பனே கொளுத்துறான். எந்த நாட்டுலயும் இப்படி ஒரு ஐட்டம் கிடையாது. மோகன்ராஜ் ஐயாவோட ஐடியா. மைக்குல ஒரே ஒரு வரி சொல்லணும். 'என் மகன் கடத்திய போதைப்பொருளை நானே தீயிலிடுகிறேன்.' அவ்ளோதான்."

"சார், அது உப்பு சார்."

"திரும்பவும் பேஜார் பண்ணாதய்யா. நீ ஒத்துழைச்சா அடுத்த ஜாமீன் மனுவுக்கு நாங்க எதிர்ப்பு சொல்ல மாட்டோம். பையன் ஊட்டுக்கு வந்துடுவான். ஒத்துழைக்கலன்னா, நாடு நாடா ரிசல்ட் வர்ற வரைக்கும் பாத்துக்கினே இரு."

தேசப்பன் அன்று வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பெற்ற பிள்ளையைக் கடத்தல்காரன் என்று தன் வாயால் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அவன் எப்படி வருவான்? சோனியா அழுதாள். கங்கம்மாதான் ஒரு வழி சொன்னாள்.

"யோவ், திருஷ்டி சுத்தி உப்ப அடுப்புல போட்டா இன்னா ஆவும்?"

"வெடிக்கும்."

"இத்தயும் நெருப்புலதான போடப் போற? படபடன்னு வெடிக்கும். வெடிச்சா அது உப்புன்னு பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும். அவங்க சொல்லச் சொன்னத நீ சொல்லிடு. உப்பு அது பாட்டுக்கு உண்மையைச் சொல்லிக்கும். உன் மேலயும் தப்பு இல்ல, அவன் மேலயும் தப்பு இல்ல."

தேசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை அமாவாசைக்கு அந்தப் பிள்ளையை உட்கார வைத்து உப்பு மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வெடித்திருக்கிறது. இந்த முறை மட்டும் வெடிக்காமல் போய்விடுமா? பிடிபட்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கங்கம்மா உப்பு ஜாடியை வெளியே எடுத்தாள்.

விழா மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூளைக்குள் போட்டால் தீ கேமராவில் தெரியாது என்பதால், மேடைக்கு முன்னால் செங்கல் வைத்து யாககுண்டம் மாதிரி ஒன்று கட்டியிருந்தார்கள். மேடையில் ஷாமியானாவுக்கு அடியில் பதினான்கு நாட்டு அதிகாரிகள் சந்தன மாலையோடு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் காலியாகத் தெரியக்கூடாது என்று பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களை அழைத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். கங்கம்மாவும் சோனியாவும் கடைசி வரிசையில் இருந்தார்கள். தேசப்பனுக்குப் புதுச் சட்டை கொடுத்திருந்தார்கள். முதுகில் "ஒத்துழைப்பு" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. அவர் வாழ்க்கையில் அதுவரை போட்டதிலேயே நல்ல துணி அதுதான்.

பிரிவின் தலைவர் மோகன்ராஜ் மைக்கைப் பிடித்தார்.

"கடத்தல்காரர்கள் எல்லைகளை மதிப்பதில்லை. நாமும் மதிப்பதில்லை. விசா கிடைத்த அன்றே கிளம்பிவிடுகிறோம். பிரிவு தொடங்கியதிலிருந்து எட்டு நாடுகளில் எட்டு மாநாடுகள் நடத்தினோம். கடத்தல்காரர்களால் ஒரு மாநாடாவது நடத்த முடிந்ததா? இதிலிருந்தே இந்தப் போரில் யார் முன்னணியில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். சிலர் கேட்கிறார்கள், போதைப்பொருள் குறைந்திருக்கிறதா என்று. இது குறுகிய பார்வை. போதைப்பொருள் குறைந்துவிட்டால் பதினான்கு நாடுகள் எதற்காக ஒத்துழைக்கும்? அந்த ஒத்துழைப்பைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது."

கைதட்டல் அடங்கியதும் தேசப்பனைக் கூப்பிட்டார்கள். கையில் மகனின் துணிப்பையைக் கொடுத்தார்கள். சோனியா கட்டிய ரப்பர் பேண்டுகள் அப்படியே இருந்தன. மைக்கை அருணாச்சலம் அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

தேசப்பன் கடைசி வரிசையைப் பார்த்தார். கங்கம்மா தலையை ஆட்டினாள்.

"என் மகன்... கடத்திய போதைப்பொருளை... நானே தீயிலிடுகிறேன்."

ஒலிபெருக்கி அதைத் தொழிற்பேட்டை முழுக்கக் கொண்டுபோனது. ஒரு பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பதினான்கு நாடுகளும் அதைக் காதில் மாட்டிய கருவியில் கேட்டு எழுதிக்கொண்டன. தேசப்பன் பையைக் குண்டத்தில் போட்டார். பிளாஸ்டிக் உருகியபின் ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் அந்த நெருப்பைக் கும்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு வெடித்தது. படபடவென்று, விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வெடித்தது. நாற்காலியில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து தெரியும். ஒருத்தி தன்னையறியாமல் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தாள். "எம்மாங் கண்ணு பாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "உப்புடி அது," என்று எவளோ சொல்ல, வரிசை வரிசையாக அந்தச் சொல் பரவியது. தேசப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

மேடையில் யாரும் இல்லை. பதினான்கு நாட்டு அதிகாரிகளும் மேஜைகளுக்கு அடியில் இருந்தார்கள். மோகன்ராஜின் குரல் மட்டும் எங்கிருந்தோ மைக்கில் வந்தது. "அமைதி, அமைதி. யாரும் பதற வேண்டாம். இது நாம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெற்றி. இந்தப் பொருளில் வெடிமருந்தும் கலந்திருக்கிறது."

பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. யாரிடம் சொல்வது, எந்த மைக்கில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கங்கம்மா மட்டும் எழுந்து நின்று, "உப்புய்யா, அது உப்புய்யா," என்று கத்தினாள். அவளைச் சுற்றி நின்றிருந்த பெண் காவலர்கள், பெற்ற வயிறு பற்றி எரிகிறது பாவம் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

இம்மானுவேல் மேல் வெடிபொருள் சட்டமும் சேர்ந்தது.

தீவு நாட்டிலிருந்து லேபு முடிவும் ஒருவழியாக வந்தது. நாய் நக்கியதுபோக மீந்ததைச் சோதித்துப் பார்த்து, சமையல் உப்பு என்று சந்தேகமில்லாமல் சொல்லியிருந்தார்கள். செய்தி கேள்விப்பட்டுத் தேசப்பன் செருப்புகூடப் போடாமல் திருவள்ளூருக்கு ஓடினார்.

"வந்துச்சுய்யா," என்றார் அருணாச்சலம். "உப்புன்னுதான் வந்திருக்குது. அதான் எல்லாருக்கும் அதிர்ச்சி. லேபுல உப்பு மாதிரி காட்டுற, நெருப்புல வெடிமருந்து மாதிரி வெடிக்கிற புது வகைச் சரக்கு. உலகத்துலயே மொதல் தடவை. இதைப் பத்திப் பேசத்தான் மோகன்ராஜ் ஐயா அந்தத் தீவுக்கே போயிருக்காரு."

"சார், நான் சொன்னது பொய் சார். நீங்கதான் சொல்லச் சொன்னீங்க. அது உப்பு. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அருணாச்சலம் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். கேட்டுக்கொண்ட எதையும் செய்ய முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர், அவ்வளவுதான்.

"இப்ப மாத்திப் பேசினா பதினாலு நாட்டை ஏமாத்தினதா உன் மேல கேசு வரும். அது கூடப் பரவால்ல. அந்தப் பொட்டலத்தை எல்லாம் யாரு கட்டினதுன்னு கேள்வி வரும். உன் மருமவ பேர இதுவரைக்கும் நாங்க எழுதல. எழுத வெச்சுடாத. போய் பையன பாரு. எங்க ஆளு ஒருத்தன் கூட இருப்பான், பாத்துப் பேசு."

மகனைப் பார்க்கிற இடத்தில் இரண்டு கம்பி வலைகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் இருக்கிற எல்லாரும் அந்தப் பக்கம் இருக்கிற எல்லாரிடமும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். இம்மானுவேல் இளைத்திருந்தான். தேசப்பனுக்குப் பின்னால் பிரிவின் காவலர் ஒருவர், பேசுவது காதில் விழுகிற தூரத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நைனா, உன்ன டிவில பாத்தேன்," என்றான் இம்மானுவேல். "உள்ள எல்லாரும் பாத்தாங்க. சட்டை உனக்கு நல்லா இருந்துச்சு."

தேசப்பன் வலையைப் பிடித்துக்கொண்டார்.

"சோனியா சாப்புடுறாளா?"

"சாப்புடுறா."

"அம்மா?"

"இருக்குது."

பையன் வலைக்கு முகத்தைக் கொண்டுவந்தான்.

"நைனா, அவ கட்டிக் குடுத்தா, நான் எடுத்துக்கினு போனேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. இவங்க எல்லாரும் சொன்னப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நீ சொன்னப்புறம் ஒண்ணுமே புரியல. தூக்கம் வர மாட்டேங்குது. நீ பொய் சொல்ல மாட்ட. அது உப்புதான நைனா?"

தேசப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார். காவலர் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ரப்பர் பேண்டுகளை எல்லாம் பொறுக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு வந்த சோனியாவின் முகம் தேசப்பனுக்கு ஞாபகம் வந்தது. அவர் வாயை வலைக்கு ஒட்டி வைத்து, உதட்டை மட்டும் அசைத்து, "உப்புதான்டா கண்ணு," என்றார்.

சுற்றிலும் அழுகையும் கூப்பாடுமாக இருந்தது. இம்மானுவேல் காதைத் திருப்பி வலையில் வைத்தான்.

"கேக்கல நைனா," என்றான். "அன்னிக்கு மைக்குல சொன்ன மாதிரி கொஞ்சம் சத்தமா சொல்லு."